வாய் நனைப்பு

பூங்கொடியைப் பற்றிக் கேட்டால் எங்கள் கரையில் எல்லாரும் முதலில் சாராயக்கடைச் சண்டையைத்தான் சொல்வார்கள். கையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். இப்போது யாராவது என் வண்டியில் உட்கார்ந்து அந்தக் கதையை எடுத்தால், "எறங்கி நடந்து போங்க" என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அவ்வளவு எரிச்சலாக வருகிறது.

நான் தாவூது. குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். கிளிஞ்சல்மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கிற கரையில், காலையில் ஏலம் முடிந்த மீனையும் அதை எடுத்த பெண்களையும் ஏற்றி, காரைக்கால் மார்க்கெட்டில் இறக்கிவிடுவது என் பிழைப்பு. வண்டி என்னுடையது, அதில் அதிகாரம் பூங்கொடியுடையது. யார் எங்கே உட்கார வேண்டும், யாருடைய அன்னக்கூடை எதன்மேல் ஏறலாம், நான் பாட்டுப் போடலாமா கூடாதா, எல்லாம் அவள் தீர்ப்புதான். "பாய், அந்த ரேடியோவ அமுத்துங்க, காது கொடையுது" என்பாள். அமுத்திவிடுவேன். வீட்டில் என் மனைவி ஜன்னத்துக்குக்கூட நான் இவ்வளவு அடங்கியதில்லை, அதை அவளே பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

அந்தச் சண்டையை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

பூங்கொடியின் புருஷன் பஞ்சநாதன் நல்ல கடல்காரன். கரைக்கு வந்துவிட்டால் குடிகாரன். சாராயக்கடைக்குப் போய்க் குடித்துவிட்டு மெயின் ரோட்டில் நடந்து வருவான். கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு வருகிற லாரிகள் அந்த ரோட்டில் எப்படிப் போகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை லாரி உரசி, தோள்பட்டை விலகி, ஒரு மாதம் கடலுக்குப் போகாமல் கிடந்தான். அன்றைக்குப் பூங்கொடி ஒரு முடிவுக்கு வந்தாள். "குடிச்சித் தொலையணும்னா வீட்டுல உக்காந்து குடி. ரோட்டுல போயி லாரிக்காரனுக்குப் பலியாவாத" என்றாள். அவனும் சரி என்றான். வீட்டில் குடிப்பதென்றால் சாராயம் வீட்டுக்கு வர வேண்டுமே, யார் போய் வாங்குவது? பொம்பளை போய் அந்தக் கடையில் நிற்க முடியுமா? பையன் முத்துக்குமரன் இருக்கிறான், சைக்கிள் இருக்கிறது. காலி பாட்டிலைப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்புவாள். கடைக்காரர் கலியமூர்த்தி அளந்து ஊற்றித் தருவார். பையன் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். இதில் பூங்கொடியை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. அந்தத் தெருவில் பாதி வீட்டில் இதுதான் நடப்பு. பால் வாங்கப் போகிற பையன், அரிசி வாங்கப் போகிற பையன், அப்படியே இதற்கும் போவான். யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

ஒரு நாள் பஞ்சநாதன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "என்னாடி இது, வாய்க்கா தண்ணியா?" என்று பாட்டிலை நீட்டினான். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பூங்கொடிக்குப் பொறுக்கவில்லை. எந்தக் கடைக்குப் பொம்பளை போகக் கூடாது என்று பையனை அனுப்பினாளோ, அதே கடைக்குப் பாட்டிலும் கையுமாகக் கிளம்பிப் போய், குடித்துக்கொண்டிருந்த ஆம்பிளைகளுக்கு நடுவில் நின்றாள்.

"ஏழைபாழ குடிக்கிற சாராயத்துலயும் தண்ணி கலக்குறியே, நீ வெளங்குவியா? ஒனக்கு நல்ல சாவு வருமா?"

கலியமூர்த்தி ஆடிப்போனார். அவர் விற்பது சாராயம்தான், ஆனால் நெற்றியில் விபூதி இல்லாமல் கல்லாவில் உட்காரமாட்டார். "யம்மா, சத்தியமா நான் கலக்கலம்மா" என்று கெஞ்சினார். இவள் விடவில்லை. கடைசியில் அவர் உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, கைசுட அணைத்துச் சத்தியம் பண்ணினார். அப்படியும் ஒருத்தரும் நம்பவில்லை. அன்றிலிருந்து அவருக்கு 'தண்ணிக் கலியமூர்த்தி' என்றே பேராகிவிட்டது. முத்துக்குமரன் அன்றைக்கு வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

இதுதான் கதை. குடிக்காதே என்று சண்டை போட வேண்டியவள், சுத்தமானதாகக் குடிக்கட்டும் என்று சண்டை போட்டாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். பஞ்சநாதன் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஈரல் கெட்டுச் செத்துப்போனான். அப்புறமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

புருஷன் போன பிறகு பூங்கொடியின் உயிர் முழுக்க அந்தப் பையன் மேல்தான். பத்தாவது பாஸ் பண்ணி, பதினொன்றாவது முடித்துவிட்டான். பதினாறு வயது. நல்ல பையன், அதிர்ந்து பேசமாட்டான். லீவு நாளில் வண்டிக்கு ஐஸ் அள்ளிப் போடுவான். இந்த மே மாத லீவில், மாமா தெட்சிணாமூர்த்தியின் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறேன் என்று நின்றான். பூங்கொடிக்கு அதில் ஆட்சேபணை இல்லை. கடல்காரன் பிள்ளை கடலைப் பார்க்காமல் இருப்பானா? அவள் பயந்தது கடலுக்கு அல்ல, கரைக்கு.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. முதல் தடவை கடலுக்குப் போய்த் திரும்புகிற பையனைக் கரையிலேயே நிறுத்தி, தாய்மாமன் பாட்டில் மூடியில் சாராயம் ஊற்றி அவன் வாயில் வைப்பான். வாய் நனைப்பு என்று பேர். சுற்றி நிற்கிறவர்கள் கை தட்டுவார்கள். பையன் இருமிக்கொண்டே சிரிப்பான். எதற்கு என்று கேட்டால், "குளிருக்கு" என்பார்கள். மே மாதத்தில் என்ன குளிர் என்று நான் ஒரு தடவை கேட்டேன். "பாய்க்கு இதெல்லாம் வெளங்காது" என்றார்கள். ஆமாம், எனக்கு விளங்கவில்லைதான்.

பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் போன வருஷம் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். குடி, போதை மாத்திரை, கஞ்சாப் பொட்டலம் என்று இந்தக் காலத்துப் பையன்கள் கெடுவதைப் பற்றி. ஊர்வலம் விட்டார்கள், அட்டையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வெயிலில் நடந்தார்கள், பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார்கள். வந்த பெரியவர்கள் எல்லாரும் "பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேசுங்கள்" என்றார்கள். கடைசியில் கீர்த்திகா என்று ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, அவர் மட்டும் பூங்கொடி காதில் ஏறுகிற மாதிரி ஒன்று சொன்னார். "முதல் தடவை குடிக்கிறத எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்க. சின்ன வயசுல வாய் வச்சவங்களுக்குத்தான் பின்னால விடுறது ரொம்பக் கஷ்டம்" என்றாராம். அன்று முழுவதும் வண்டியில் இதே பேச்சு. "முதல் தடவ பாய், முதல் தடவதான் எல்லாம். இவங்கப்பாவுக்கும் வாய் நனைப்புலதான் ஆரம்பிச்சிச்சு. எம்புள்ளைக்கு அந்த முதல் தடவ வரவே கூடாது" என்றாள்.

தம்பியிடம் போய் நின்றாள். நானும் கூட இருந்தேன். தெட்சிணாமூர்த்தி வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நீ என்னா புதுசாப் பேசுற? எனக்கு எங்க மாமா ஊத்துனாரு. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

"அத்தானுக்கும் ஒரு மாமாதான்டா ஊத்துனாரு. அத்தான் எங்கடா இப்ப?"

"ஒரு மூடிக்கா. ஒரே ஒரு மூடி. நான் ஊத்தலன்னா பையனுக்கு மாமனே இல்லன்னு பேசுவானுவ. நான் ஊருல தலகாட்ட வாணாமா?"

"ஒன் தல பெரிசா, எம்புள்ள ஈரல் பெரிசா?"

"அத்தான் போனதுலேர்ந்து ஒங்க வீட்டுக்கு நல்லது கெட்டது எல்லாம் நான்தான் பாக்குறேன். இதுக்கு மட்டும் நான் வாணாமா?" என்றான் அவன். அவன் கண் கலங்கிவிட்டது. இதுதான் கொடுமை. அவன் கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு வந்துவிடலாம். அக்கா மகன் மேல் உயிரை வைத்திருக்கிறவன், அந்தப் பாசத்தில்தான் ஊற்றுவேன் என்கிறான். இவனிடம் என்னவென்று பேசுவது? முத்துக்குமரன் ஓரமாக நின்று, "யம்மா, விடும்மா. ஒரு மூடிக்கு எதுக்கு இவ்ளோ சண்ட?" என்றான். "நீ வாய மூடு" என்றாள்.

அடுத்து ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போனாள். தலைவர் சுந்தரமூர்த்தி பொறுமையான மனிதர். பொறுமையாகவே ஒன்றும் செய்யாமல் இருப்பார். "ஊரு வழக்கத்த ஒரு வூட்டுக்காவ மாத்த முடியுமாம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த ஒருத்தர் அதற்கு மேல். "காரக்கால்ல பாருங்க, பசங்க மாத்திரைய முழுங்கிட்டு பஸ் ஸ்டாண்டுல கெடக்குறானுவ. நம்ம கண்ணு முன்னால ஒரு மூடி குடுத்துட்டா புள்ள அந்தப் பக்கம் போவமாட்டான்" என்றார். அடடா, என்ன ஒரு யோசனை! எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அந்நிய ஊர் விவகாரத்தில் தலையிட்டால் நாளைக்கு வண்டியைக் கரைக்குள் விடமாட்டார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

பூங்கொடி அடங்குகிறவள் இல்லை. மறுநாள் வண்டியிலேயே கூட்டம் போட்டாள். பதினெட்டு வயதாகாத பிள்ளைக்கு எந்தப் போட்டுக்காரர்கள் வாய் நனைக்கிறார்களோ, அந்தப் போட்டு மீனை நாம் எடுக்கக் கூடாது. இதுதான் தீர்மானம். குஞ்சம்மாள் என்ற கிழவி, இருபது வருஷமாக ஏலத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள், "என் மூணு பேரனும் கெட்டுப்போனானுவடி. நான் வர்றேன்" என்றாள். கிழவி வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள்.

அடுத்த வாரமே சோதனை வந்தது. வேறொரு போட்டில் ஒரு பையன் முதல் தடவை போய் வந்தான். மூடி வாய்க்குப் போயிற்று. கை தட்டினார்கள். அப்புறம் மீனைக் கொட்டி ஏலம் கூவினார்கள். நல்ல சங்கரா, பளபளவென்று கிடந்தது. பெண்கள் எல்லாரும் அன்னக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். ஏலக்காரர் கூவுகிறார், கூவுகிறார், ஒரு குரல் எழும்பவில்லை. வெயில் ஏறுகிறது. போட்டுக்காரன் முதலில் சிரித்தான், பிறகு கத்தினான், பிறகு கும்பிட்டான். பூங்கொடி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "கடலுக்குள்ள திரும்பக் கொண்டுபோயி விட்டுட்டு வாங்கண்ணே" என்றாள். என் வண்டியும் காலியாகத்தான் நின்றது. ஆனால் அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் ஒரு நாளும் இருந்ததில்லை.

பஞ்சாயத்து கூடியது. மாரியம்மன் கோயில் மைக்கில் சொன்னார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு யாரும் ஊற்றக் கூடாது, கடையிலும் கொடுக்கக் கூடாது, மீறினால் ஊர்க் கட்டுப்பாடு. மைக்கில் தலைவர் தானே இதையெல்லாம் யோசித்த மாதிரிதான் பேசினார். பேசிவிட்டுப் போகட்டும்.

கடைக்காரரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று பெண்கள் போனார்கள். மார்க்கெட்டிலிருந்து திரும்புகிற வழி, என் வண்டியில்தான் போனார்கள். பூங்கொடியைப் பார்த்ததும் கலியமூர்த்தி எழுந்து நின்றுவிட்டார், பழைய பயம்.

"சின்னப் பசங்களுக்கு ஊத்தக் கூடாது, ஊருல தீர்மானம் போட்டாச்சு" என்றாள்.

"எந்தப் பையன்ம்மா தனக்குன்னு கேக்குறான்? அப்பாவுக்கு, மாமாவுக்கு, போட்டுக்குன்னு பாட்டில நீட்டுறான், நான் ஊத்துறேன். ஒங்க புள்ள வரலியா?"

"அது அவங்க அப்பாவுக்கு."

"எல்லாம் அப்பாவுக்குத்தாம்மா" என்றார் கலியமூர்த்தி. பிறகு, "சரிம்மா, இனிமே ஊத்தல. ஊருக்குக் கட்டுப்படுறேன். ஆனா ஒண்ணு சொல்லிப்புடுறேன். நான் அன்னிக்குத் தண்ணி கலக்கல" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சூடம் சுட்ட இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது. பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பூங்கொடி, "திருந்தவே மாட்டியா நீ?" என்றுவிட்டு வண்டியில் ஏறினாள்.

முத்துக்குமரன் கடலுக்குப் போன நாளும் வந்தது. போட்டு திரும்புகிற காலையில் கரையில் ஒரே கூட்டம். தெட்சிணாமூர்த்தி ஊர்த் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு ஒத்துக்கொண்டிருந்தான், ஆனால் மூஞ்சி ஒரு முழத்துக்கு இருந்தது. சாராயத்துக்குப் பதில் பன்னீர் சோடா. டவுனிலிருந்து ஒரு பெட்டி நான்தான் ஏற்றி வந்தேன். பூங்கொடி புதுப்புடவை கட்டியிருந்தாள். பஞ்சநாதன் போனதிலிருந்து அவள் புதுப்புடவை கட்டி நான் பார்த்ததில்லை.

பையன் இடுப்புவரை நனைந்துகொண்டு போட்டைத் தள்ளிவந்து கரையேறினான். நல்ல மீன்பாடு, நண்டும் காலா மீனும். மாமன் சோடாவை உடைத்து மூடியில் ஊற்றினான். "ஆம்பளப் புள்ளைக்கு சோடா. காலம்டா" என்று முனகிக்கொண்டே அவன் வாயில் வைத்தான். எல்லாரும் கை தட்டினார்கள். குஞ்சம்மாள் குலவை போட்டாள். தலைவர்கூடக் கை தட்டினார். பூங்கொடி என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா பாய், முதல் தடவையத் தள்ளிப்போட்டாச்சு" என்றாள். நான் ஏன் அழுதேன் என்று தெரியவில்லை, வெட்கக்கேடு, துண்டால் துடைத்துக்கொண்டேன்.

தெட்சிணாமூர்த்திக்குக் கோபம் ஆறியிருந்தது போல. மருமகன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, ஊரே கேட்கிற மாதிரி கேலி பண்ணினான்.

"எப்புடிடா இருக்கு? தண்ணி கிண்ணி கலந்துருக்கா? கலந்துருந்தா சொல்லு. ஒங்கம்மா போயி சோடாக்காரன சூடம் அணைக்க வச்சிட்டு வந்துரும்!"

கரையே சிரித்தது. பூங்கொடிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். பையன் சிரிக்கவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். கை நடுங்கிற்று. குளிரோ என்று நினைத்தேன், அந்த வெயிலில்.

"யம்மா, அவரு கலக்கலம்மா" என்றான்.

"யாருடா?"

"கலியமூர்த்தி அண்ணன். அவரு தண்ணி கலக்கல."

"பின்ன யாரு கலந்தா?"

"நாந்தான்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் தலையைத் தூக்காமலே சொன்னான். "அப்பா கொஞ்சமாக் குடிக்கட்டும்னுதாம்மா. வர்ற வழியில பாதியக் கொட்டிட்டு, பைப்புல தண்ணி புடிச்சி ஊத்திக் கொண்டாருவேன்."

பூங்கொடியின் முகத்தை நான் பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியாமல் நின்றாள். அப்புறம் அந்த முகம் அப்படியே மலர்ந்தது. "என் சாமி! அந்த வயசுலயே ஒனக்கு இந்தப் புத்தி இருந்துச்சா?" என்று அவன் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். சுற்றி நின்ற பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அதோடு முடிந்திருக்கக் கூடாதா? அல்லாவே, அதோடு முடிந்திருக்கக் கூடாதா?

பையன் அவள் கையைக் கன்னத்திலிருந்து எடுத்தான்.

"மொதல்லதாம்மா கொட்டுனேன்" என்றான்.

"அப்புறம்?"

"அப்புறம் கொட்டல."

தெட்சிணாமூர்த்திதான் முதலில் வாயைத் திறந்தான். "இப்பவுமாடா?" என்றான். பையன் தலையை ஆட்டினான். "ஏதுடா ஒனக்கு? யாரு குடுக்குறா?" என்று உலுக்கினான். "ஒங்க போட்டுக்குன்னு கேப்பேன் மாமா. குடுப்பாரு. தீர்மானம் போட்டப்புறம் வேற எடத்துல." தெட்சிணாமூர்த்தி தோளிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு கரையில் நின்றவர்கள் பேசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருத்தர், "ரெண்டு சாத்து சாத்துனா சரியாப்போயிரும்" என்றார். இன்னொருத்தர், "இதுக்காடி எங்க மீன ஏலம் எடுக்காம அழுக வச்சீங்க?" என்றார், ஏதோ அவர் ஜெயித்துவிட்ட மாதிரி. சாராயத்தை ஊற்றிக் கொடுத்தவர்கள், அனுப்பி வாங்கிக் குடித்தவர்கள், கை தட்டியவர்கள், அத்தனை பேரும் ஒரு பதினாறு வயதுப் பையனை முறைத்துக்கொண்டு நின்றார்கள். நான் வாயை அடக்கவில்லை. "ஒங்க வீட்டு பாட்டில யாருய்யா வாங்கிட்டு வர்றது? ஒங்க பொண்டாட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அடிதடி ஆகியிருக்கும். தலைவர், "சரி சரி, கலைங்க, மீனு காயுது" என்றார். அதற்குக் கலைந்தார்கள். மீன் காய்கிறது என்றால் மட்டும் இவர்களுக்குக் காது கேட்கும்.

பூங்கொடி மகனை அடிக்கவில்லை. புதுப்புடவையோடு ஈரமணலில் உட்கார்ந்திருந்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சோடாப் பெட்டியை நானே எடுத்து வண்டியில் வைத்தேன், ஒரு பாட்டில்தான் திறந்திருந்தது.

மறுநாள் அந்த டாக்டரம்மா கீர்த்திகாவைப் பார்க்க டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். வண்டியில் மீன் இல்லை. பையனை என் பக்கத்தில் முன்சீட்டில் உட்காரவைத்து, அவள் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பையன்மேல் என்றால், அவன் கொட்டித்தானே ஆரம்பித்தான். இவள்மேல் என்றால், புருஷன் லாரியில் அடிபடாமல் இருக்கட்டும் என்றுதானே அனுப்பினாள். செத்துப்போன பஞ்சநாதன்மேல் கோபப்பட்டுத்தான் என்ன ஆகப்போகிறது? கோபத்தை எல்லாம் ஹாரனில் காட்டிக்கொண்டு போனேன்.

சாராயக்கடை வந்தது. "நிறுத்துங்க பாய்" என்றாள்.

இன்றைக்கு அந்தக் கடையை இவள் கொளுத்தாமல் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். "வாணாம் பூங்கொடி, டாக்டரம்மா காத்திருப்பாங்க" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் இறங்கிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பையன் வண்டியிலேயே குனிந்துகொண்டான்.

கலியமூர்த்தி கல்லாவிலிருந்து எழுந்தார். "யம்மா, தீர்மானம் போட்டதுலேர்ந்து ஒரு சின்னப் பையனுக்கும் ஊத்தல, சத்தியமா" என்று அவசரமாகச் சொன்னார்.

"அதுக்கு வரலண்ணே" என்றாள் பூங்கொடி. அவரை அவள் அண்ணன் என்று கூப்பிட்டு நான் அன்றுதான் கேட்டேன். "நீங்க அன்னிக்குத் தண்ணி கலக்கல. சூடமெல்லாம் அணைக்க வச்சிட்டேன். மன்னிச்சிக்குங்க."

கலியமூர்த்திக்கு நம்ப முடியவில்லை. குடித்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களாய்யா? கேட்டீங்களா? இதத்தானே நான் அன்னிக்குலேர்ந்து தலதலயா அடிச்சிக்கிறேன்!" என்றார். முகமெல்லாம் பல். இத்தனை வருஷத்துக் கெட்ட பெயர் அவருக்கு இன்றைக்குத்தான் நீங்கிற்று. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சந்தோஷத்திலேயே கேட்டார்.

"கலந்தது யாருன்னு தெரிஞ்சிச்சாம்மா?"

பூங்கொடி திரும்பி வண்டியைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் முத்துக்குமரனின் தலைமுடி மட்டும் தெரிந்தது.

"தெரிஞ்சிச்சுண்ணே" என்றாள். "நாந்தான்."